தன் பேரில் ஒரு கணக்கு

டெல்மர் கெஸிங்கருக்கு மூக்கில் ரத்தம் வருகிற விஷயம் எங்கள் மர மில்லில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடது பக்கம் மட்டும் வரும். பலகை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே சொட்டும். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அடுத்த பலகையை எடுப்பான். பெல்ட்டில் வருகிற பலகை யாருக்காகவும் நிற்காது. அப்போதுதான் அறுத்த வெள்ளை ஓக், ஈரத்தோடு இரும்பு மாதிரி கனக்கும். அதன்மேல் சிவப்பாக ரெண்டு சொட்டு விழுந்திருந்தால், "டெல்மர் கையெழுத்துப் போட்டுட்டான்டா" என்று ரம்பத்தடியில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பலகையெல்லாம் கென்டக்கிக்குப் போய் விஸ்கிப் பீப்பாய் ஆகும்.

நான் அந்த மில்லுக்கு லாரி ஓட்டினேன். காட்டிலிருந்து மரத்தடி ஏற்றி வருவது என் வேலை. டெல்மர் வீட்டுக்கு எதிர்வீடு எனக்கு, நடுவில் ஒரு சரளைப் பாதை. தெற்கு இந்தியானாவில் ஹேசல் ஃபோர்க் ஓடையை ஒட்டி மேலேறுகிற பாதை அது. மழை பெய்தால் பாதி சரளை ஓடைக்குப் போய்விடும். பிறகு டெல்மரும் நானும் மண்வெட்டியோடு இறங்குவோம்.

அந்த வீட்டில் ரெண்டே பேர். டெல்மரும் அவன் அக்கா வெர்னாவும். வெர்னாவின் புருஷன் இளம் வயதிலேயே டிராக்டர் கவிழ்ந்து போய்விட்டான். டெல்மர் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள என்று வந்த வெர்னா, அம்மா போனபிறகும் திரும்பிப் போகவில்லை. டவுனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அரைநாள் வேலை செய்தாள். எங்களுக்கெல்லாம் அவள் வெர்னாக்காதான். மில் முதலாளி கில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ரெண்டு பேருக்கும் இன்ஷூரன்ஸ் கிடையாது. மில்லில் யாருக்குமே கிடையாது. கில் கெட்டவர் இல்லை. அவரே பல் வலியை விஸ்கி கொப்பளித்துத்தான் சமாளித்தார். உடம்புக்கு வந்தால் பொறுத்துக்கொள்வது, தாங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுவது, அப்புறம் வருகிற பில்லை அடுப்பில் போடுவது. எங்கள் பக்கத்தில் வைத்தியம் என்றால் அதுதான்.

அப்போதுதான் மாநிலத்தில் புதுக் காப்பீடு வந்தது. வருமானம் குறைந்த, வேலை செய்கிற வயதுக்காரர்கள் யாரும் சேரலாம் என்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மில் கொட்டகைக்குள் அதுதான் பேச்சு. இரும்பு அடுப்பின் மேல் பொலோனி இறைச்சித் துண்டைப் போட்டு, ஓரம் சுருண்டு கருகினதும் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவோம். டெல்மர் ஒரு மூலையில் மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான்.

"நீ சேரலையா டெல்மர்? அந்த மூக்கையாவது கொண்டுபோய்க் காட்டலாம்ல?" என்றேன்.

"கவர்மென்ட் சும்மா குடுக்கறது எதுவும் எனக்கு வேணாம்."

"சும்மா குடுத்தா வலிக்குதா?"

"உனக்குத் தெரியாது ராய்ஸ். எங்கப்பா ஒரு வருஷம் நிவாரணத்துல வாழ்ந்தார். அந்த வருஷம் பூரா தலை நிமிர்ந்து நடக்கல அவர். சர்ச்சுல கடைசி பெஞ்ச். ஓடையில மீன் பிடிக்கக்கூட இருட்டினப்புறம்தான் போவார்."

"மூக்கு அவரோடது இல்லையே, உன்னோடது தானே?" என்றார் கில். எல்லோரும் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தான். ஆனால் சேரவில்லை.

அவனைச் சேர வைத்தது மார்லா. டவுன் கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண், விண்ணப்பம் போட உதவுவது அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும்போது ஓரமாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். வெர்னா தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் தட்டோடு பின்னால் போனேன்.

"இது சும்மா குடுக்கறது இல்லைங்க" என்றாள் மார்லா. "உங்க பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிப்பாங்க. சேமிப்புக் கணக்கு மாதிரி. மாசாமாசம் நீங்க உங்க பங்கைப் போடணும். மீதியை மாநிலம் போடும். வைத்தியத்துக்கு முதல்ல ஆகற செலவு அந்தக் கணக்குலேர்ந்து போகும். அது தாண்டினா இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்."

டெல்மர் வாயிலிருந்த மீனை மென்று முழுங்கினான்.

"என் பேர்லயா?"

"உங்க பேர்லதான்."

"நான் போடறது என்னுது?"

"உங்களது. செலவழிக்காம மிச்சம் வெச்சா அடுத்த வருஷம் நீங்க போட வேண்டியது குறையும்."

"அப்ப மாநிலம் எனக்குப் பிச்சை போடல. நான் போடறேன், அவங்களும் கூடப் போடறாங்க."

"அப்படியே வெச்சுக்கோங்க."

"என்னடா வெச்சுக்கிறது! கையெழுத்துப் போடுடா, மீன் ஆறுது" என்றாள் வெர்னா.

டெல்மருக்கு வங்கியில் கணக்கு கிடையாது. வாழ்நாளில் அவன் பேரில் இருந்த முதல் கணக்கு அதுதான். மாதப் பிறப்பில் மில்லிலிருந்து நேரே தபால் ஆபீசுக்குப் போவான். தலைமுடியில் மரத்தூளோடு வரிசையில் நிற்பான். தன் கணக்குக்கு ஒன்று, கூடவே சேர்ந்திருந்த வெர்னாவின் கணக்குக்கு ஒன்று என்று ரெண்டு மணியார்டர் எடுப்பான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு நிமிர்வு இருக்கும் என்று வெர்னா என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "பண்ணை வாங்கினவன் மாதிரி உக்காந்து சாப்பிடறான், ராய்ஸ்."

ஆனாலும் டாக்டரிடம் போக இலையுதிர்காலம் ஆகிவிட்டது. கணக்கில் இருப்பதைச் செலவழிக்க அவனுக்கு மனசில்லை. அது வளரட்டும் என்றான். கடைசியில் ஒருநாள் தலையணை முழுக்க ரத்தம் பார்த்து வெர்னா போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது.

கிளினிக்கில் டாக்டர் ஹால்வர்சன் என்று ஒரு அம்மாள். கிழவி இல்லை, ஆனால் தலை நரைத்துவிட்டிருந்தது. அவன் மூக்குக்குள் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தாராம். உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது, என்னவென்று இங்கே சொல்ல முடியாது, மாவட்ட ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து அங்கே மூக்கு டாக்டரையும் பார்க்கவேண்டும் என்றார். மூக்கு டாக்டர் எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வருவார். ஜனவரிக் கடைசியில் தேதி கிடைத்தது.

அந்த ஜனவரியில்தான் பனிமழை வந்தது.

பனிமழை என்றால் வெள்ளையாக விழுகிற பனி இல்லை. மழையாகவே விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். கிளை, கம்பி, கதவுக் கைப்பிடி, நாய்ச் சங்கிலி, எல்லாம் கண்ணாடி. ராத்திரி பூராவும் காட்டுக்குள் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி மரக்கிளைகள் ஒடிந்துகொண்டே இருந்தன. விடிந்து பார்த்தால் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மில்லுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வந்தபிறகும், பனி உருகின சேற்றில் காட்டுக்குள் லாரி இறங்காது. மரத்தடி இல்லை. தடி இல்லாவிட்டால் ரம்பம் இல்லை, சம்பளமும் இல்லை.

அந்தக் குளிரில் வெர்னாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. முதலில் இருமல், பிறகு காய்ச்சல், பிறகு மூச்சு. நான் சறுக்காமலிருக்க லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி அவளைக் கிளினிக்குக் கொண்டுபோனேன். நிமோனியா என்றார்கள். மாத்திரை கொடுத்து, வீட்டைச் சூடாக வைத்திருங்கள், குளிர் பட்டால் போச்சு என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வீட்டில் சூடு கேஸ் டாங்கிலிருந்துதான். வெளியே நிற்கிற அந்த டாங்கின் அளவு காட்டுகிற முள் அடியில் கிடந்ததை நானே பார்த்தேன். ரெண்டு நாள் கழித்து கேஸ் லாரி சரளைப் பாதையில் சறுக்கிச் சறுக்கி மேலேறி வந்தது. டெல்மர் காசுக்கு எப்படிச் சமாளித்தான் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

அவனுடைய ஸ்கேன் தேதி பனியில் போயிற்று. மார்ச்சில் வேறு தேதி கொடுத்தார்கள். அதற்குள் இடது கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியிருந்தது. பல் வேர் வீக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மார்ச் மாதம் அந்தத் தேதிக்கு ரெண்டு பேரையும் நான்தான் கூட்டிப்போனேன். ஓடை ஓரத்தில் மரங்களில் சிவப்பு மொட்டு கிளம்பியிருந்தது. வெர்னா தேறிவிட்டாள், கன்னம் மட்டும் ஒட்டிப்போயிருந்தது. டெல்மர் சர்ச்சுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தான். ஆஸ்பத்திரி மேசையில் இருந்த பெண் அவன் அட்டையை வாங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சார், இது இப்ப நடப்புல இல்லையே."

"இருக்கு. நல்லாப் பாரும்மா. கெஸிங்கர்."

"இல்லைங்க சார். ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சிடுச்சு."

பின்னால் வரிசையில் ஆள் நின்றார்கள். டெல்மர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒதுங்கினான்.

நேரே மார்லாவிடம் போனோம். அவள் ஃபோனில் வெகுநேரம் காத்திருந்தாள். அதில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பேசி முடித்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னாள்.

"டெல்மர், ஜனவரி பிப்ரவரி ரெண்டு மாசம் நீங்க கட்டலை."

"மில் மூடிட்டாங்க. மார்ச்சுல மூணு மாசத்துக்கும் சேத்துப் போடலாம்னு இருந்தேன்."

"கெடு தாண்டிடுச்சு. ரெண்டு மாசம் போனா எடுத்துடறாங்க. திரும்பச் சேர ஆறு மாசம் காத்திருக்கணும்."

"ஆனா கணக்குல பணம் இருக்கே!" டெல்மர் முன்னால் சாய்ந்தான். "நான் போன வசந்தத்துலேர்ந்து போடறேன். எடுக்கவே இல்லை. ஒருத்தன் சேமிப்புல பணம் கிடக்குது, ரெண்டு மாசம் புதுசாப் போடலைன்னா யாராவது கணக்கை மூடுவாங்களா?"

"அது... சேமிப்புன்னு பேருதான். மாசாமாசம் போட்டாத்தான் இன்ஷூரன்ஸ் நிக்கும்."

"நீ சேமிப்பு மாதிரின்னு சொன்னே."

"சொன்னேன்" என்றாள் மார்லா. "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"கடுதாசி வந்திருக்குமேடா" என்றாள் வெர்னா.

"வந்துச்சு. அதுலதான் இவ்வளவு இருப்பு இருக்குன்னு போட்டிருந்துச்சு. இருக்கேன்னுதானே விட்டேன்."

மார்லா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னாவுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியிருக்க வேண்டும்.

"என்னுது?"

"உங்களது நடப்புல இருக்கு, வெர்னாக்கா. ஒரு மாசம்கூட விடலை."

வெர்னா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"கேஸ்?" என்றாள் அவள்.

"குளிர் இல்லையா அக்கா" என்றான்.

கிளம்பும்போது மார்லா சொன்னாள். ஒரு வழி இருக்கிறது. பெரிய நோய் உள்ளவர்களை இந்த ஆறு மாசக் கதவு தடுக்காது. ஆனால் நோய் என்னவென்று டாக்டர் பேர் சொல்லி எழுதவேண்டும். பேர் சொல்ல ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். சொல்லச் சொல்ல அவளுக்கே முகம் சிவந்தது. "ஆஸ்பத்திரியில இல்லாதவங்களுக்குன்னு ஒரு தர்ம நிதி இருக்கு. அதுல கேட்டா ஸ்கேன் எடுக்கலாம். நான் இன்னிக்கே எழுதித் தரேன்."

"வேணாம்" என்றான் டெல்மர். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மில்லில் விஷயம் தெரிந்தது. நான்தான் சொன்னேன். கில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்கேன் செலவை நான் தரேன், நீ பிறகு வேலை செய்து கழி என்றார். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மீன் விருந்தை அவன் பேரில் நடத்தி வசூலை அவனுக்கே தருகிறோம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"ஆறு மாசம்தானே. அம்பது வருஷமா இந்த மூக்கு மூஞ்சியிலதான் இருக்கு. இன்னும் ஆறு மாசம் இருக்காதா?"

"வீங்குதேடா" என்றேன்.

"வீங்கட்டும். செப்டம்பர்ல நானே போய் என் பேர்ல சேந்து, என் அட்டையைக் காட்டிப் பாத்துக்கறேன். யார் தட்டையும் நான் ஏந்த மாட்டேன், ராய்ஸ். நான் கட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

ஏப்ரலில் அவனுக்கு ஒன்று ரெண்டாகத் தெரிய ஆரம்பித்தது. பெல்ட்டில் வருகிற பலகைக்குக் கை நீட்டினால் பக்கத்துக் காற்றைப் பிடிப்பான். ஒருநாள் பலகை நழுவிக் காலில் விழுந்தது. கில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் அவன் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். வெர்னா சமையலறையில் கோழி வேக வைத்துக்கொண்டிருந்தாள், நூடுல்ஸ் மாவைப் பலகையில் தேய்த்துப் பரப்பியிருந்தாள். டெல்மர் மேசைப் பக்கத்தில் அடிபட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"உக்காரு ராய்ஸ்" என்றாள் வெர்னா. "நீயும் கேளு. சாட்சிக்கு ஆள் வேணும் எனக்கு."

"அக்கா, ஆரம்பிக்காதே."

"ஆரம்பிக்கத்தான் போறேன்." மாவுக் கையைத் துடைக்காமலே அவன் எதிரில் வந்து நின்றாள். "ஜனவரியில கேஸ் லாரி வந்துச்சு. டாங்க் ரொம்பிச்சு. நான் உன்னைக் கேட்டேனா, ஏதுடா காசுன்னு?"

"நீ காய்ச்சல்ல கிடந்தே."

"காய்ச்சல்தான். புத்தி போயிடல. மில் மூடிக் கிடக்கு, எனக்கும் சம்பளம் இல்லைன்னு தெரியும். எங்கிருந்தோ பிடுங்கித்தான் போட்டிருக்கான்னு தெரியும். கேக்கல நான். சூடு வந்துச்சு, போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கினேன். வாங்கிக்கிட்டேன்டா. வாய் பேசாம வாங்கிக்கிட்டேன். எனக்கு மானம் இல்லையா? நான் யார் வீட்டுல பொறந்தேன்?"

"அது வேற."

"என்ன வேற?"

"நீ என் அக்கா."

"அப்ப நீ எனக்கு யாருடா?"

அடுப்பில் கோழி கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா தலை குனிஞ்சாருன்னு சொல்றியே, அந்த வருஷம் நாம சாப்பிட்டோம். உனக்கு அது ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. நான் பெரியவ. அவர் குனிஞ்சதுனாலதான் நாம ரெண்டு பேரும் வளந்தோம்." அவள் போய் அடுப்புத் தீயைக் குறைத்தாள். "நீ நிமிர்ந்து நிக்கிறேன்னு போய்ச் சேந்துடு. நான் இந்த வீட்டுல யாரோட சண்டை போடறது? ராய்ஸோடயா?"

"என்னால முடியாது வெர்னாக்கா, நீங்க ஜெயிச்சிடுவீங்க" என்றேன்.

டெல்மர் கையால் அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்கு பயமா இருக்கு அக்கா."

"எனக்கும்தான்டா" என்றாள் அவள். "எந்திரி. நாளைக்கே போறோம்."

தர்ம நிதியில் ஸ்கேன் எடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான், சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி. மூக்கு டாக்டர் உள்ளேயிருந்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினார். பத்து நாளில் ஹால்வர்சன் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். புற்றுநோய். மூக்குக்குப் பின்னால் உள்ள எலும்புக் குழியில் ஆரம்பித்து, கண்ணுக்கடியில் பரவியிருக்கிறது.

"என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டாராம்.

"மர மில்லுல."

"என்ன மரம்?"

"ஓக்."

"ஓக் தூள்ல இது வரும். வருஷக்கணக்கா உள்ள போனா."

டெல்மர், "விஸ்கி குடிச்சுத்தான் ஆள் சாவான்னு நினைச்சேன்" என்றானாம். "பீப்பாய்க்குப் பலகை போட்டே சாகலாம் போல."

நோய்க்குப் பேர் வந்துவிட்டதால் கதவு திறந்தது. மார்லா ஃபோனோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டி அவனை மறுபடி உள்ளே சேர்த்தாள். மே மாதம் மாநிலத் தலைநகர் இந்தியானாபொலிஸில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை. அது முடிந்து கோடை பூராவும் கதிர் சிகிச்சை. எல்லாச் செலவையும் அந்தக் காப்பீடுதான் ஏற்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் டெல்மர் இல்லை. மில்லில் அதைத் திட்டுகிறவர்களிடம் நான் அதைச் சொல்வேன். புகழுகிறவர்களிடம் மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்வேன். ரெண்டு பேருக்குமே என் பேச்சு பிடிப்பதில்லை.

அறுவைக்கு முதல் நாள் பெரிய டாக்டர் வந்தார். உயரமான மனிதர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். இடது கண்ணை எடுக்கவேண்டியிருக்கும், கன்னத்து எலும்பும் கொஞ்சம் போகும் என்றார். வாசனையும் போய்விடும். பிறகு கேட்டார், "வீக்கம் தெரியறதுக்கு முன்னாடியே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் தள்ளிப் போட்டீங்க?"

வெர்னா வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். டெல்மர் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"பனி, டாக்டர்" என்றான். "இந்த வருஷம் எங்க பக்கம் ரோடெல்லாம் ஒரே பனி."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போனபிறகு வெர்னா கேட்டாள். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"கத்தி பிடிக்கிறவரு அக்கா. அவர் கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? நல்லாத் தூங்கிட்டு வரட்டும்."

அறுவை நாள் முழுக்க நடந்தது. அவனை வெளியே கொண்டுவந்தபோது முகத்தில் பாதி கட்டு. வெர்னா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். லிஃப்ட் வந்தபோது, அவளுக்கு இடமில்லை, அடுத்ததில் வாருங்கள் என்றார்கள். லிஃப்ட் கதவு மூடியது. அவள் அங்கேயே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழுதாள். நான் அத்தனை வருஷத்தில் அவள் அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தான். கண் இருந்த இடத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். இடது கன்னம் உள்ளே இறங்கிப் பேச்சு கொஞ்சம் குழறியது. முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போனபோது, நாங்கள் எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் நேராக நடந்துபோய் முன் பெஞ்சில் உட்கார்ந்தான். வெர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். மரத்தூள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மில் முடிந்துபோன கதை. கில் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியபடி நின்றார்.

செப்டம்பரில் ஒருநாள் வெர்னாவின் கார் கிளம்பவில்லை. வேலை முடிந்து அவளை நான்தான் அழைத்து வந்தேன். காலையிலேயே காய்ந்த பீன்ஸ் கொட்டையைப் பன்றிக் காலோடு சிறு தீயில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனிடம் ஒப்படைத்துப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு அவள் அவனிடம் ஒப்படைத்த முதல் வேலை அதுதானாம். கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டானாம்.

லாரியிலிருந்து இறங்கும்போதே வாடை வந்தது. அடிப்பிடித்த வாடை. கதவைத் திறந்தால் வீடு முழுக்க அதுதான், மூக்கைத் துளைத்தது. வெர்னா ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

டெல்மர் அடுப்புக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். மேசையில் மூன்று தட்டு வைத்திருந்தான். எனக்கும் சேர்த்து. நாங்கள் வந்த சத்தத்துக்கு முகம் முழுவதையும் திருப்பி, நல்ல கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

"நகரவே இல்லை அக்கா. காலையிலேர்ந்து இங்கதான் இருக்கேன். நல்லாப் பாத்துக்கிட்டேன்."

வெர்னா வாசலில் அப்படியே நின்றாள். கைப்பை இன்னும் தோளில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். ஒரு மூச்சு உள்ளே போனது தெரிந்தது, வெளியே வரக் கொஞ்சம் நேரமானது.

"பாத்துக்கிட்டதுதான் தெரியுதே" என்றாள். போய் அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்து, "என்ன புழுக்கம்டா இது" என்றாள். கரண்டியை அடியில் விடாமல் மேலாக அள்ளி மூன்று தட்டிலும் போட்டாள். சோள ரொட்டியை உடைத்து வைத்தாள். உட்கார்ந்து தலை குனிந்து ஜெபம் சொன்னோம்.

கரி கசப்பு மேலேயே ஏறிவிட்டிருந்தது. டெல்மர் பசியோடு சாப்பிட்டான். "எப்படி இருக்கு?" என்று எங்களைக் கேட்டான். "எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல, நீங்கதான் சொல்லணும்."

"அம்மா பண்ற மாதிரி இருக்கு" என்றாள் வெர்னா.

அவன் என் பக்கம் திரும்பினான்.

நான் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.